முப்பத்தொண்ணாம் நம்பர் கத்தரி

1943-ஆம் வருஷம், செப்டம்பர் மாசம், ஒரு புதன்கிழமை. என் சம்சாரம் பவுலின் அவளோட அண்ணனுக்கு எழுதின கடிதாசியை நானே எடுத்துப் படிச்சு, ஒரு இடத்தில் வெட்டி, ஒட்டி, 31-ன்னு என் நம்பர் முத்திரையைக் குத்தி அனுப்பி வெச்சேன். அது அவ எழுதினதுன்னு எனக்குத் தெரியாது. குடிச்சிருந்தீங்களான்னு கேக்காதீங்க. குடிச்சிருந்தா சொல்லிக்க ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

எங்க ஆபீசுக்கு வெளியே போர்டு கிடையாது. கன்டோன்மெண்ட்ல ஒரு பழைய பங்களா, வாசல்ல துப்பாக்கியோட ஒரு சிப்பாய், உள்ளே நாற்பது பேர். சண்டைக்குப் போன ஆளுங்களுக்கு வீட்டிலேர்ந்து போற கடிதாசியெல்லாம் எங்ககிட்டே நின்னுட்டுத்தான் கப்பலேறும். இங்கிலீஷுக்கு ஒரு மேசை, கன்னடத்துக்கு ஒண்ணு, உருதுவுக்கு ஒண்ணு. தமிழ் மேசையில் மூணு பேர். நான், பென்ஷன் வாங்கின ஒரு வாத்தியார், ருக்மிணின்னு ஒரு அம்மா. அதுக்கு முன்னே பத்து வருஷம் நான் அச்சுக்கூடத்தில் ப்ரூஃப் பார்த்திட்டிருந்தேன். கண்ணு வேகமா ஓடும்னுதான் என்னை எடுத்தாங்க. நல்லா ஓடிச்சு, போங்க.

வேலை என்னன்னா, கேம்ப் இருக்கிற ஊர் பேர் வந்தா வெட்டணும். கப்பல், ரயில், எத்தனை பேர் போறாங்கன்னு வந்தா வெட்டணும். அரிசி கிடைக்கலை, ராகி தின்னு தின்னு வயித்து வலின்னு எழுதினா அதையும் வெட்டணும், படிச்சா சிப்பாய்க்கு மனசு விட்டுப் போயிடுமாம். எங்க ஆபீசைப் பத்தி ஒரு வார்த்தை வந்தாலும் வெட்டணும். வெட்டின துண்டை அவங்கவங்க நோட்டில் தேதி போட்டு ஒட்டணும். அதுக்குப் பேர் துண்டு நோட்டு. இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தக்காரங்க கடிதாசி கைக்கு வந்தா படிக்கக் கூடாது. கவுத்து வெச்சிட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுந்து நின்னு, பக்கத்து ஆளுகிட்டே கொடுத்திடணும்.

ஆரம்பத்தில் மூணு மாசம் நான் அந்தக் கடிதாசிங்களோடயே வாழ்ந்தேன். வாலாஜாபேட்டையில் ஒரு அம்மா, பையன் பதில் போடலைன்னு எட்டுக் கடிதாசி எழுதினா. ஆனேக்கல்ல ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை பொறந்து ஒண்ணு தங்கலை. சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லி முடிக்கிறப்போ நான் சேர்த்துக்குவேன், வாலாஜாபேட்டை அம்மாவுக்காக ஒரு மங்கள வார்த்தை ஜெபம், ஆனேக்கல் பொண்ணுக்காக ஒண்ணுன்னு. பேர் கேக்கக் கூடாதுன்னு பவுலினுக்குத் தெரியும். எங்க பொண்ணு நோராவுக்கு அப்போ அஞ்சு வயசு. "அந்தப் பாப்பா இப்போ உக்காருதா அப்பா?"ன்னு கேப்பா. தவழுதுன்னு சொல்லுவேன். எதை வெட்டணும், எதை விடணும்னு சட்டத்தையெல்லாம் அவகிட்டே கதையா சொல்லியிருக்கேன். பவுலின் அடுப்படியிலேர்ந்து கேட்டுட்டிருப்பா.

அப்புறம் ஒரு நாளைக்கு எண்பது கடிதாசின்னு இருந்தது நூறாச்சு. நூறு நூத்தம்பதாச்சு. ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கூட சில வாரம் போக முடியலை, கடிதாசி மூட்டை வந்திடும். எந்த நாள்ல மாறினேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. வாலாஜாபேட்டை அம்மா செத்துப் போயிட்டான்னு பக்கத்து வீட்டுக்காரங்க பையனுக்கு எழுதினாங்க. அதில் ரயில் வண்டி நம்பர் இருந்தது. அதை வெட்டிட்டு அடுத்ததை எடுத்தேன். மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். சாயங்காலம் ஜெபமாலையில் அவ பேச்சே எடுக்கலை. நோரா கேட்டா. "வாயை மூடிட்டு ஜெபம் சொல்லு"ன்னேன்.

அதுக்கப்புறம் நான் கடிதாசி படிக்கவே இல்லை. கண்ணு மட்டும் போகும். ஊர், கப்பல், அரிசி, ரயில். நாலும் இல்லைன்னா முத்திரை. மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கா, சேசு மரி சூசை துணைன்னு எழுதியிருக்கான்னு ஒரு காலத்தில் பார்த்து, எந்த வீட்டுக் கடிதாசின்னு மனசில் ஒரு முகம் வெச்சுக்குவேன். அந்த முகமெல்லாம் போச்சு. தூங்கி எழுந்தா, தூங்காதவனுக்கு இருக்கிற களைப்பு. சோத்தில் உப்பு இருக்கா இல்லையான்னு தெரியலை. வீட்டில் யாராவது பேசினா காதுக்குள்ளே பேப்பர் சலசலக்கிற மாதிரி இருக்கும். நோரா ஸ்கூல் பாட்டு பாடினா எரிச்சல். பவுலின் ஏதாவது சொல்ல வாயெடுத்தா, "நாள் பூரா வார்த்தைதான் பவுலின், வீட்டிலயாவது விடு"ன்னு கையெடுத்துக் கும்பிடுவேன். ரெண்டு மாசம் அவளும் விட்டுட்டா. அதை நான் நிம்மதின்னு நெனச்சேன், மடையன்.

ஊர்ல ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. கோயில்ல ஒருத்தர் கண்ணு பட்டிருக்குன்னார். அல்சூர் கடைத்தெரு கம்பவுண்டர் நாடி பிடிச்சுப் பார்த்து, "சுஸ்து சார், பரீ சுஸ்து"ன்னார். கன்னடத்தில் வெறும் களைப்புன்னு அர்த்தம். சிவப்பா ஒரு டானிக் கொடுத்தார், மூணு பாட்டில் குடிச்சேன். மூட்டை தூக்கறவன் களைச்சா நியாயம், நிழல்ல நாற்காலியில் உக்கார்ந்து கடிதாசி படிக்கிறவனுக்கு என்ன களைப்புன்னு எனக்கே என்மேல கேவலமா இருந்தது. அதனால வீட்டிலயும் ஆபீஸ்லயும் சொல்லலை. ருக்மிணி அம்மா ஒரு நாள் திடீர்னு, "ஆம்ப்ரோஸ், வீட்டில எல்லாரும் சௌக்கியமா?"ன்னு கேட்டாங்க. "ஏன், சௌக்கியத்துக்கு என்ன கேடு?"ன்னு கடிச்சேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அந்தப் புதன் போய் வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணி இருக்கும். தமிழ் மேசைக்கு மேலதிகாரி வெங்கடகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் வயசுதான் அவருக்கும். மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலேர்ந்து இங்கே வந்தவர். நாங்க முத்திரை குத்தினதில் பத்துக்கு ஒண்ணை அவர் மறுபடி பார்ப்பார், அப்புறம்தான் மூட்டை கட்டுவாங்க. மேசை மேல ஒரு கவர், அதுக்கு மேலே 'அன்புள்ள அண்ணா'ங்கிற வரி மட்டும் தெரியற மாதிரி மடிச்ச கடிதாசி.

"உக்காருங்கோ. முந்தாநாள் இதைப் பாஸ் பண்ணினது நீங்கதானே?"

"31-ன்னு இருந்தா நான்தான் சார்."

"எழுதினது யார்னு தெரியறதா?"

"யாரோ ஒரு அம்மா. அண்ணனுக்கு எழுதியிருக்காங்க."

"கவரைத் திருப்பிப் பாருங்கோ."

திருப்பினேன். பின்பக்கம் அனுப்புறவங்க இடத்தில், திருமதி பவுலின் ஆம்ப்ரோஸ், அல்சூர்னு இருந்தது. முன்பக்கம் டென்சில், என் மச்சான், எகிப்து பக்கம் பட்டாளத்தில் ஃபிட்டரா இருக்கான். என் பேரை என் கையாலேயே முத்திரை குத்தி அமுக்கியிருந்தேன்.

"சொந்தக்காரா கடுதாசின்னு தெரிஞ்சு படிச்சேள்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். வேலை போறதோட நிக்காது. அதனால கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியலை சார்."

"ஆத்துக்காரி கையெழுத்து தெரியலையா?"

"தெரியலை."

"குழந்தை பேர் நாலு இடத்தில இருக்கு ஓய்."

"தெரியலை சார்."

மூணாவது தெரியலை சொல்றப்போ என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி கேட்டது. அவர் என்னையே பார்த்திட்டிருந்தார். நான் பொய் சொல்றேன்னு நெனச்சிருந்தா அவருக்கு வேலை சுலபம், எழுதித் தள்ளிட்டுப் போயிருப்பார். நம்பிட்டார். முகத்தில் இருந்த கோபம் போய்ப் பயம் வந்தது.

"முப்பத்தொண்ணுன்னா ஆம்ப்ரோஸ்னு இன்னிக்கு ரிஜிஸ்டர் பார்த்துத்தான் நானும் தெரிஞ்சுண்டேன்"னார். "ஒரு வருஷமா தினம் உங்களைப் பார்க்கறேன்."

"அதை ஒரு தடவை படிச்சுக்கலாமா சார்?"

"கூடாது. சொந்தக்காரா கடுதாசி."

சொல்லிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடியைக் கழட்டி வேட்டி முனையில் துடைச்சார். அப்புறம் ஒரு காகிதத்தில் இங்கிலீஷ்ல எழுதினார். தலைகீழா இருந்தாலும் நான் ப்ரூஃப் பார்த்தவன், படிச்சிட்டேன். 'வேண்டுமென்று செய்ததல்ல. நரம்புத் தளர்ச்சி. பதினைந்து நாள் ஓய்வு தேவை.' களைச்சுப் போன ஆள்னு ஒருத்தர் என்னைப் பத்தி எழுத்தில் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டானிக் குடிச்சப்போ கூட நான் அதை நம்பலைன்னு அப்போதான் புரிஞ்சது.

"துண்டு நோட்டு உங்களோடது. அதை நீங்க பார்க்கறதுக்கு சட்டம் குறுக்கே நிக்கலை"ன்னார் வெங்கடகிருஷ்ணன். "இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் ஒண்ணும் சொல்லலை. பார்த்துட்டு நேரா ஆத்துக்குப் போங்கோ. நடக்காதீங்கோ, ஜட்கா பிடிங்கோ."

மேசைக்கு வந்து துண்டு நோட்டைப் பிரிச்சேன். புதன்கிழமைப் பக்கத்தில் பதினாலு துண்டு. அதில் ஒண்ணு ஊதாக் கலர். ஆபீஸ்ல கொடுத்த காப்பிங் பென்சில் ஒண்ணை நோரா எழுதிப் பழகட்டும்னு நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், நாக்கில் தொட்டு எழுதினா ஊதாவா வரும். அந்த ஊதாவில் ஒரே ஒரு வார்த்தை: ஜாலஹள்ளியில். அங்கே பட்டாளத்து ஆஸ்பத்திரி இருக்கு, அதனால வெட்டியிருக்கேன். அங்கேதான் பவுலினோட அக்கா பிரிஜெட் ஆயாவா வேலை பார்க்கிறாங்க, தனியா குவார்ட்டர்ஸ் உண்டு. இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு அவர் ஏன் சொன்னார்னு அப்போ புரிஞ்சது.

பக்கத்தைப் பின்னாடி திருப்பினேன். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு ஊதாத் துண்டு: ஆபீசில் நாளைக்கு நூத்தம்பது கடிதாசி. ஜூலையில் ஒண்ணு: இவர் கடிதாசி பிரித்துப் படிக்கிற உத்தியோகத்துக்குப் போனதிலிருந்து. ஒவ்வொண்ணும் நேர்க்கோட்டில், சுத்தமா, மூலை மடங்காம ஒட்டியிருந்தது. மூணு தடவை என் பெண்டாட்டி என்னைப் பத்தி எழுதியிருக்கா. மூணு தடவையும் என்னை நானே கத்தரிச்சு எடுத்து நோட்டில் ஒட்டி வெச்சிருக்கேன்.

ருக்மிணி அம்மா என்னையும் நோட்டையும் பார்த்தாங்க. "உங்களுக்கும் வந்ததா?"ன்னு கேட்டேன். அதை அவங்க சொல்லக் கூடாது. கண்ணில் தண்ணி நின்னது. "ஜல்தி போங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஜாலஹள்ளிக்குக் கரி வாயுவில் ஓடற பஸ் மத்தியானம் மூணு மணிக்குப் புறப்படும். ஜட்கா வண்டியில் ஏறி உக்கார்ந்தேன். அல்சூர் வர்ற வரைக்கும் எனக்கு ஒரே பயம், அவ போயிருப்பாளோன்னு. அதைவிடக் கேவலமான விஷயம் ஒண்ணு சொல்றேன். பாதி வழியில் அந்தப் பயமும் நின்னு போச்சு. அவ போனா, வீடு அமைதியா இருக்கும், படுத்துக்கலாம்னு தோணிச்சு. கட்டின பெண்டாட்டி, பெத்த பிள்ளை போகுதுன்னா படுத்துக்கலாம்னு தோணுதே, இது என்ன மனுஷன்னு அப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோம்பேறித்தனம், வயசு, ஈரல் கோளாறுன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தது எதுவும் இது இல்லை. உள்ளே ஆளே காலி.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் தகர ட்ரங்க், மேலே குடை. நோரா ஷூ போட்டுக்கிட்டு, ஒத்தைக் காலில் குதிச்சுப் பாடிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி, சுவரோரமா போய் உக்கார்ந்து கையைக் கட்டிக்கிட்டா. யாரும் அவளை அப்படி உக்காரச் சொல்லலை. நான் வீட்டுக்குள்ளே வந்தா அவ தினம் இதைத்தான் செய்யறான்னு அன்னிக்குத்தான் கவனிச்சேன்.

பவுலின் சமையல் அறையிலேர்ந்து ஈரக் கையோட வந்தா. மணி ரெண்டேகால்.

"படிச்சீங்களா?"ன்னா.

"படிச்சேன். நீ எழுதினதுன்னு தெரியலை."

அவ ஒண்ணும் அழலை. ட்ரங்க் மேலே உக்கார்ந்தா. "எத்தனை படிச்சீங்க?"

"நோட்டில் மூணு இருக்கு."

"நான் அஞ்சு போட்டேன். தமிழ் மேசையில மூணு பேர்னு நீங்கதான் சொன்னீங்க. ஒண்ணு தப்பினாலும் ஒண்ணு உங்க கைக்கு வரும்னு பார்த்தேன்."

"அண்ணனுக்குத்தானே எழுதினே?"

"அண்ணன் அங்கே குண்டுக்கு நடுவுல இருக்கான். என் வீட்டுக் கஷ்டத்தை அவனுக்குன்னு எழுதுவேனா நான்? வேற வழியில்லாமதான் அவன் பேரைப் போட்டேன். வீட்டில வாய் திறந்தா கும்பிடறீங்க. நீங்க கண்ணால பார்க்கிறது கடிதாசி ஒண்ணுதான். அதான் அதுல எழுதினேன்."

"அதில் ஏன் ஆபீஸ் பேச்செல்லாம் எழுதினே? வெட்டணும்னு உனக்குத் தெரியுமே"ன்னேன். கேக்கறப்பவே என்ன கேக்கறோம்னு எனக்கு வெக்கமா இருந்தது. அந்த நேரத்திலும் சட்டம்தான் வாயில் வருது.

"வெட்டணும்னு தெரிஞ்சுதாங்க எழுதினேன். கத்தரி நிக்கிற இடத்திலயாவது கண்ணு கொஞ்சம் நிக்கும்னு நெனச்சேன்."

அதைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உக்கார்ந்துட்டேன். ஆபீஸ் கோட்டு, தொப்பி எதையும் கழட்டலை. நோரா அம்மாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, எழுந்து வரலை.

"பவுலின், எனக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னேன். "சோம்பேறின்னு நெனச்சுக்காதே. யார் சொன்னாலும் உள்ளே இறங்க மாட்டேங்குது. நீ போறேன்னு தெரிஞ்சும் ஜட்காவில் எனக்குத் தூக்கம் வந்தது. வெங்கடகிருஷ்ணன் பதினஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கார். பதினஞ்சு நாள்ல சரியாகுமான்னு எனக்குத் தெரியாது."

"இதை நீங்க ஜூன் மாசம் சொல்லியிருக்கணும்"ன்னா. அவ குரல்லயும் தெம்பு இல்லை. அஞ்சு கடிதாசி எழுதினவளுக்கும் களைப்பு இருக்கும்னு எனக்கு உறைச்சது.

"அந்தக் கடிதாசியை எனக்குக் காட்ட மாட்டாங்க. நீயே சொல்லேன். என்ன எழுதினேன்னு வாயால சொல்லு. கேக்கறேன்."

"பஸ் போயிடும்."

"நான் தடுக்கலை. சொல்லிட்டுப் போ."

புடவை முந்தானையில் கையைத் துடைச்சுக்கிட்டு, ஜெபம் சொல்ற மாதிரி மடியில் கையை வெச்சுக்கிட்டா. மனப்பாடமா வெச்சிருந்தா.

"சேசு மரி சூசை துணை. அன்புள்ள அண்ணா, நானும் நோராவும் சுகம். அவர் சுகமான்னு எனக்குத் தெரியலை. காலையில போறார், சாயங்காலம் வர்றார், அவர் வந்ததே தெரியறதில்லை. முன்னே எல்லாம் முகம் தெரியாதவங்களுக்காக எங்க வீட்டில ஜெபம் நடக்கும். இப்போ எங்களுக்காகக் கூட இல்லை. நோரா அப்பா தூங்கறாரான்னு கேக்கறா, கண்ணைத் திறந்து வெச்சிருக்கிறப்பவே. நான் அவரைக் குத்தம் சொல்லலை அண்ணா. அவரைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கு, பார்க்கப் பார்க்க எனக்கும் அது ஒட்டிக்குது. அதனால வர்ற வெள்ளிக்கிழமை நோராவைக் கூட்டிக்கிட்டு ஜாலஹள்ளியில..."

அங்கே நிறுத்திட்டா. என் மடியைப் பார்த்திட்டிருந்தா. நானும் குனிஞ்சு பார்த்தேன். என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தரி மாதிரி ஒரு தடவை திறந்து மூடியிருந்தது. மறுபடி திறந்து அப்படியே நின்னது. நான் செய்யலை, சத்தியமா நான் செய்யலை. அவ எழுதினதில் ஒரு வார்த்தை கூடத் தவற விடக் கூடாதுன்னு உயிரைக் கொடுத்துக் கேட்டுட்டிருந்தேன். கை அது பாட்டுக்கு ஊர் பேரைக் கண்டுபிடிச்சு வெட்டப் போயிடுச்சு.

கையைத் தொடைக்கு அடியில் போட்டு மறைக்கப் பார்த்தேன். பவுலின் ட்ரங்கிலேர்ந்து இறங்கி எதிர்க்க உக்கார்ந்து, என் கையை வெளியே இழுத்தா. திறந்து நின்ன அந்த ரெண்டு விரலுக்கு நடுவில் அவளோட ஒரு விரலை வெச்சா. ஈரமா, வெங்காய வாசனையோட இருந்தது. வெங்காய வாசனைன்னு எனக்குத் தெரிஞ்சதே அன்னிக்குப் பெரிய விஷயம்.

நோரா சுவரோரத்திலேர்ந்து, "அம்மா, பஸ்ஸு"ன்னா.

"இரு"ன்னா பவுலின். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆறு மணிக்கு இன்னொண்ணு இருக்கு. அதில போறதா வேணாமான்னு அப்புறம் பார்க்கிறேன். இப்போ முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க. கை அசைஞ்சா நிறுத்திட்டு மறுபடி முதல்லேர்ந்து சொல்லுவேன்"னா.

அன்னிக்கு அவ நாலு தடவை முதல்லேர்ந்து சொன்னா.